மூன்று முறை பார்க்கப்பட்டவர்

ஜூலை 3

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். போன மாதம் செய்தித்தாளில் உன் படம் பார்த்தேன். அமைச்சருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாய். தெருவில் படுப்பவர்களுக்கு அறை ஒதுக்கும் திட்டத்துக்கு உன் அமைப்பு போராடி வாங்கிய விதிகளைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தார்கள். அம்மா இருந்திருந்தால் வெட்டி எடுத்து வைத்திருப்பாள். நான் வெட்டவில்லை.

உன் எண்ணை என் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன். அதை எடுக்கும் எண்ணம் இல்லை. பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். தாளில் இரண்டும் முடியாது. இந்தக் கடிதமும் எனக்காக அல்ல.

எங்கள் கல்லூரியில் லிஃப்ட் இயக்கிக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவர் பெயர் புழங்கியதில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில்தான் குடியிருந்தார். பிறகு பட்டன் லிஃப்ட் வந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு இல்லை என்பதை யாரும் விசாரிக்கவில்லை. நானும்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, நம் வீட்டுக்கு எதிரே மூடிக்கிடக்கும் போட்டோ ஸ்டுடியோ வாசலிலிருந்து, "சார், எந்த மாடி?" என்று குரல் வந்தது. அட்டை விரித்துப் படுத்திருந்தார். இடது காலில் புண். சர்க்கரை வியாதி.

மழை தொடங்கியதும் அவரை அம்மாவின் அறையில் படுக்கச் சொன்னேன். இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே. அவருடைய இருமல் தெருவைத் தாண்டி வந்து என்னை எழுப்பியது. உள்ளே இருந்தால் மருந்து கொடுத்து நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டேன்.

நேற்று உன் விதிப்படி கணக்கெடுக்கும் குழு வந்தது. ஸ்டுடியோ வாசலில் ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் கோப்பு வைத்திருந்த பெண், "இவர் இங்கதான் தங்கறாரா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். உண்மை பேசும் கெட்ட பழக்கம் இன்னும் போகவில்லை.

"அப்ப இவர் வீடில்லாதவர் கணக்குல வர மாட்டார் சார்."

"வீடு எனக்கு. இவருக்கு ஏது வீடு?"

"கூரைக்குக் கீழ இருக்காரே."

இந்த அறிவாளித்தனம் யாருடையது என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கோயில் விஷயம்போல. "அந்த மேடம் வருஷக்கணக்கா அலைஞ்சு வாங்கினது சார் இது."

அலைந்தாய், எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் படுக்கைப் புண் வந்தபோது நீ ஏதோ பாலத்தடியில் யாருக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாய்.

நான் சத்திரம் நடத்தவில்லை. அவருக்கும் என் வீட்டில் ஒண்டிக்கிடக்க விருப்பமில்லை. அவர் கேட்பது ஒரு கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். மோட்டார் அறைக்கு வெளிப்பூட்டு மட்டும்தான் இருந்ததாம். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியில் எழுது.

அண்ணன்


ஜூலை 10

அண்ணா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை என்று தெரிந்த பிறகு, உன்னிடம் திட்டு வாங்குவதுகூட நிம்மதியாக இருந்தது.

ஒரு வரியில் எழுத முடியாது. முன்பெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அறை கிடைக்கும். முதலில் கட்டிய கட்டடத்தில் நாங்கள் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தோம். கவுன்சிலரின் மைத்துனர், கவுன்சிலர் மைத்துனரின் மைத்துனர், இரண்டு வீடு வைத்திருப்பவர், அறையை உள்வாடகைக்கு விட்டிருப்பவர். தெருவில் படுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கேட்டோம். ஒரே இடத்தில், திறந்த வெளியில், மூன்று தடவை. முதல் தடவை பேசிப் பெயர் எழுதிக்கொள்வார்கள். அடுத்த இரண்டு தடவையும் பார்ப்பது மட்டும்தான். எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வீட்டிலிருந்து பாய் எடுத்துக்கொண்டு வந்து படுப்பவர்கள் இருக்கிறார்கள். விடியும் நேரத்தில்தான் வருவார்கள். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. அந்த வரி என்னுடையது. முகத்தில் டார்ச் அடித்து, காலால் தட்டி, பேர் என்ன என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

ஆக, பதில் இதுதான். எழுதக் கூசுகிறது. அவர் திரும்பவும் ஸ்டுடியோ வாசலில் போய்ப் படுக்க வேண்டும். வீட்டிலிருந்து வெளியேறிவிட்டார் என்று நீ ஒரு வரி எழுதி நகராட்சி அலுவலகத்தில் கொடுத்தால், குழு மறுபடி அந்தத் தெருவுக்கு வரும்.

நீ அவரை உள்ளே படுக்க வைத்தது பெரிய காரியம். அதற்குத் தண்டனை கொடுப்பதுபோல் இந்த விதி இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உன்னைப்போல் ஒருவன் இருப்பான் என்று நினைத்து விதி எழுத முடியவில்லை. நாங்கள் பார்த்தவர்கள் எல்லோரும் மற்றவர்கள்.

அம்மா விஷயத்தை எல்லாக் கடிதத்திலும் எழுதாதே. வேண்டுமானால் தனியாக ஒன்று எழுது, எத்தனை பக்கமானாலும். படிக்கிறேன்.

சின்னவள்


ஜூலை 20

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட்காரருக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எனக்குத் துணையாக ஒருவராவது கோபப்படட்டுமே என்றிருந்தது.

அவர் சிரித்தார். "நியாயந்தான சார். வெளிய நின்னு பட்டன அமுக்கறவனுக்குத்தான் லிஃப்ட் வரும். உள்ள உக்காந்திருக்கறவனுக்கு எதுக்கு வரணும்?"

அன்று சாயங்காலமே அட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேலைக்கான உத்தரவு வந்தவர்போல முகம். அம்மாவின் கம்பளியைக் கொடுத்தேன். நீ உரிமை கொண்டாட மாட்டாய் என்று தெரியும்.

தெரு என்ன பேசுகிறது என்றும் தெரிந்துகொள். புண்காலோடு ஒரு மனிதனை மழைக்காலத்தில் வீட்டை விட்டு விரட்டியவன் நான். ஸ்டுடியோவுக்குப் பக்கத்துக் கடைத் தையற்காரர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். நேற்று அவர் கடையைத் தாண்டும்போது, இயந்திரத்திலிருந்து தலையை எடுக்காமல், "படிச்சவங்களுக்கு மனசு கொஞ்சம் கம்மிதான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. விளக்கலாம். இருபத்தேழு வருஷம் வகுப்பறையில் விளக்கியதை எவன் கேட்டான் என்று நடந்துவிட்டேன்.

குழு வந்தது. முதல் பார்வை முடிந்தது. பெயர், வயது, எவ்வளவு காலமாக இங்கே என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்றதற்கு, "ஊருக்கே மேல இருந்தேன்" என்று சொல்லியிருக்கிறார். எழுதாமல் விட்டுவிட்டார்களாம்.

அவர் சகவாசம் சுகமானது என்று எண்ணிவிடாதே. நாக்கு நீளம். முந்தாநாள் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது சொல்கிறார்: "நம்ம காலேஜ்ல பெரியாளானவங்க எல்லாரையும் நான்தான் சார் மேல ஏத்திவிட்டேன். அஞ்சாவது மாடி, பிரின்சிபால் ரூம். உங்களை மட்டும் கடைசி வரைக்கும் ரெண்டாவதுலயே இறக்கிவிட்டேன்." எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் துறைத் தலைவனாக்கிய கதையை ஊரில் எவ்வளவு பேர் மறந்துவிட்டார்கள் தெரியுமா? இவர் மறக்கவில்லை. தேநீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்றிருந்தது.

அண்ணன்


ஆகஸ்ட் 1

அண்ணா,

இரண்டாவது பார்வையும் ஆகிவிட்டது, தெரியுமா? உங்கள் ஊர்ப் பட்டியல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. இன்னும் ஒன்றுதான்.

இப்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன் என்று நினைக்காதே, அனுபவத்தில் சொல்கிறேன். இங்கே ஒரு பூக்காரம்மா. இரண்டு பார்வை முடிந்தது. காய்ச்சல் என்று ஒரே ஒரு ராத்திரி அக்கா மகள் வீட்டில் போய்ப் படுத்தாள். அன்றைக்குப் பார்த்துக் குழு வந்தது. இடம் காலி. பழையபடி முதலிலிருந்து. அதற்குள் அறைகள் தீர்ந்துவிட்டன. இன்றைக்கும் பேருந்து நிலையத்தில்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அதனால், மூன்றாவது பார்வை முடிகிற வரை ஒரு ராத்திரிகூட அவரை உள்ளே கூப்பிடாதே. மழை பெய்தாலும் கூப்பிடாதே. அவரே கேட்டாலும் வேண்டாம்.

பகலில் கூட்டிப்போய்ப் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டச் சொல். பகலில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். செருப்பு இறுக்கமாக இருக்கக் கூடாது.

உனக்குத் துறைத் தலைவர் பதவி கிடைக்காமல் போனதை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? அன்றைக்கு நீ சாப்பிடாமல் படுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லிக் கேலி செய்ய ஒருவராவது உன் பக்கத்தில் இருக்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

சின்னவள்


ஆகஸ்ட் 11

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை முழுவதும் அவருக்குப் படித்துக் காட்டினேன். ஒரு சொல் விடவில்லை. விட்டிருக்கலாம். ஆனால் ஏழைகளுக்காக வாழும் என் தங்கை என்ன எழுதுகிறாள் என்று அவர் காதால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆத்திரம். "மழை பெய்தாலும் கூப்பிடாதே" என்ற இடத்தில் நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி ஒருதரம் படித்தேன்.

அவர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார். "அந்தம்மா தெளிவா சொல்லிருக்காங்க சார். இவ்ளோ தெளிவா யாரும் எனக்கு எதுவும் சொன்னதில்ல" என்றார்.

நாலு நாளாக மழை விடவில்லை. ஸ்டுடியோவின் சன்ஷேடு ஒரு முழ அகலம். சாரல் அடித்தால் கம்பளி நனைகிறது. பகலில் என் கொடியில் காயப்போடுகிறார், காய்வதில்லை. முந்தாநாள் நன்றாக இருட்டுவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு போய், "எழுந்து வாங்க, இன்னிக்கு ஒருநாள் உள்ள படுங்க" என்றேன்.

"வந்துட்டா என்ன சார் பண்றது?"

"இந்த மழையில எவன் வருவான்?"

"மழையிலதான் சார் வருவாங்க. நிஜமான ஆளு எவன், போலி எவன்னு மழையிலதான தெரியும்."

"போலி இல்லன்னு நான் வந்து சொல்றேன்."

"உங்க பேச்சை அங்க யார் சார் கேப்பாங்க?"

குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டு வந்தேன். தையற்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் என்னைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருக்கிறார் என்று தெரியவில்லை.

புண் இப்போது கணுக்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. கட்டுப் போடக் கூட்டிப்போனேன். மருத்துவர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடச் சொல்கிறார். இவர் மாட்டேன் என்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கூரை இருக்கிறதாம்.

நான் உன்னிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மாவுக்கு இரண்டு நாள் வந்து இரு என்று கேட்டதைத் தவிர. இப்போது கேட்கிறேன். அமைச்சருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்காருகிறவள், குழுவை ஒருநாள் இந்தத் தெருவுக்கு அனுப்பச் சொல்ல முடியாதா? நாளைக்கே வரட்டும். பார்த்துவிட்டுப் போகட்டும். பிறகு நான் அவரை இழுத்துக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 18

அண்ணா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

முடியாது. குழுவுக்குச் சொந்தமாக ஒரே வண்டி. அது வெள்ளம் புகுந்த பகுதிக்குப் போயிருக்கிறது. அது மட்டும் காரணம் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், நானும் தப்பிவிடுவேன். ஆனால் அது மட்டும் இல்லை. நான் தொலைபேசியை எடுத்துச் சொன்னால் வண்டியைத் திருப்புவார்கள். அது எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் நாங்கள் எதிர்த்தது அந்த ஒரு தொலைபேசி அழைப்பைத்தான். என் அண்ணன் வீட்டு எதிரில் படுத்திருப்பவரை முதலில் பாருங்கள் என்று நான் சொன்னால், மைத்துனருக்காகச் சொன்ன கவுன்சிலருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் ஊரில் மட்டும் மூன்றாவது பார்வைக்குக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவர்கள்மேலும் மழை பெய்கிறது.

நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

கால் மோசமாக இருந்தால் காத்திருக்க வேண்டாம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடு. ஆஸ்பத்திரியில் இருப்பதால் பெயர் போகாது என்றுதான் நினைக்கிறேன். விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. நாங்கள் யோசிக்கவே இல்லை. கேட்டு எழுதுகிறேன்.

சின்னவள்


ஆகஸ்ட் 24

அண்ணா,

அவசரம். கேட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் அங்கே கொடுக்கும் அனுமதிச் சீட்டையே மூன்றாவது பார்வையாக எடுத்துக்கொள்வார்கள். நகராட்சியில் எழுத்தில் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உடனே அவரிடம் காட்டு. உடனே கூட்டிப் போ.

உன்னை நாலு தடவை அழைத்தேன். தடுப்பை எடு. உங்கள் ஊரில் எங்கள் அமைப்புக்கு வேலை பார்க்கும் ஒரே பெண் பிரசவ விடுப்பில் இருக்கிறாள். வேறு யாரை அனுப்புவது என்று தெரியவில்லை.

சின்னவள்


ஆகஸ்ட் 29

சின்னவளுக்கு,

உன் இருபத்துநாலாம் தேதிக் கடிதம் நேற்றுதான் வந்தது. அவர் இருபத்தாறாம் தேதி இறந்துவிட்டார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உன் பதினெட்டாம் தேதிக் கடிதத்தைப் படித்துக் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பெயர் போகாது என்றேன். கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அந்த இடத்தை விரலால் தேடிக் கண்டுபிடித்து, "நினைக்கிறேன்னுதான் சார் போட்ருக்காங்க" என்றார். "கேட்டு எழுதறேன்னு சொல்லிருக்காங்க. எழுதட்டும், போவோம். நாலு நாள்ல என்ன ஆயிடும்?"

நான் கெஞ்சியதை எல்லாம் எழுதவில்லை. எனக்குக் கெஞ்சி வழக்கமில்லை. சரியாகச் செய்யவில்லையோ என்னவோ.

இருபத்தாறாம் தேதி விடியும் நேரத்தில் குழு வந்தது. அதை நான் பார்க்கவில்லை, தையற்காரர் பார்த்தார். தைக்க நிறைய இருந்ததால் சீக்கிரமே கடை திறந்திருக்கிறார். இரண்டு பேர் வந்தார்களாம். ஒருவர் படம் எடுத்தார், இன்னொருவர் குறித்துக்கொண்டார். "கம்பளி விலகிக் கெடக்கு பாரு" என்று ஒருவர் குனிந்து காலை மூடிவிட்டாராம். "மெதுவா, எழுப்பிடாத. நல்லா தூங்கறாரு" என்று மற்றவர் சொல்லியிருக்கிறார். செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார்களாம். "ரொம்ப மரியாதையான புள்ளைங்க சார்" என்று சொல்லிவிட்டுத் தையற்காரர் அழுதார்.

அவர் தூங்கவில்லை. நினைவு தப்பிக் கிடந்தார். நான் தேநீர் எடுத்துக்கொண்டு போனபோது நெற்றி கொதித்தது. கூப்பிட்டால் குரல் இல்லை. வண்டி வரவழைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், நானும் தையற்காரரும். காலிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று தொடங்கிய மருத்துவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மத்தியானம் முடிந்துவிட்டது.

குழுவில் ஒருவன் அவரைத் தொட்டு எழுப்பியிருந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார். எழவில்லை என்பதாவது தெரிந்திருக்கும். தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்ற வரி உன்னுடையது என்று எழுதியிருந்தாய்.

உன் எண்ணுக்குப் போட்டிருந்த தடுப்பை எடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். நீ அழைக்காதே.

உறவினர் யாரும் இல்லாததால் நகராட்சியே எடுத்துப் போயிற்று. நான் கூடப் போனேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் உறவு என்று ஒரு கோடு இருந்தது. எதிர் வீடு என்று எழுதினேன்.

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணா,

அழைக்கவில்லை, பார்த்தாயா.

ஒதுக்கீட்டு உத்தரவு வந்துவிட்டது. நான்காவது மாடி, தெருவைப் பார்த்த அறை. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது.

கூட்டத்தில் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். எங்களோடு இருக்கும் ஓட்டுநர் எழுந்தான். தெருவில் பிறந்து வளர்ந்தவன். கூட்டத்தில் வாய் திறந்தே நான் பார்த்ததில்லை. "அக்கா, என்னை டார்ச் அடிச்சு எழுப்பினப்ப எனக்கு எட்டு வயசு. இன்னிக்கும் லைட்டைப் போட்டாங்கன்னா எழுந்து ஓடத்தான் தோணுது. அந்த வரியை மட்டும் எடுக்காதீங்க" என்றான். உட்கார்ந்துவிட்டேன்.

சரி, மழை நாளில் ஒரு ராத்திரி உள்ளே படுத்தால் மன்னிக்கலாம் என்று சேர்ப்போம் என்றேன். ஒரு ராத்திரி பிறகு ஒரு வாரமாகும், ஒரு வாரம் ஒரு வீடாகும், மைத்துனர்கள் திரும்ப வருவார்கள் என்றார்கள். அதெல்லாம் நான் எழுதிய வாதங்கள். என் வாக்கியங்களையே எனக்குப் படித்தார்கள். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது, அண்ணா. ஒன்றையாவது தப்பு என்று சொல்ல ஏதாவது கிடைக்கிறதா என்று ராத்திரியெல்லாம் தேடுகிறேன். ஆஸ்பத்திரி விஷயத்தை மட்டும் சேர்த்தார்கள். அவ்வளவுதான் முடிந்தது.

வருடாந்திர அறிக்கையில் உங்கள் ஊரில் மூன்று பார்வையும் முடிந்து அறை ஒதுக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஓர் உதவி கேட்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அவர் இறந்ததை நகராட்சியில் யாராவது போய்ச் சொன்னால்தான் அறை அடுத்தவருக்குப் போகும். ஆஸ்பத்திரி ஒரு துறை, அடக்கம் ஒரு துறை, அறை இன்னொரு துறை. ஒன்றுக்கொன்று தெரியாது. அவர் விவரத்தில் தெரிந்தவர் என்று உன் ஒருவன் பெயர்தான் இருக்கிறது. இல்லாவிட்டால் அந்த அறை பூட்டியே கிடக்கும்.

அம்மா விஷயத்தை இனி நீ எந்தக் கடிதத்தில் வேண்டுமானாலும் எழுதலாம்.

சின்னவள்


அக்டோபர் 5

சின்னவளுக்கு,

நகராட்சிக்குப் போனேன். எழுத்தர் உத்தரவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூணு பார்வையும் ஓகே ஆயிருக்கே சார், ஆள் வந்து சாவி வாங்கிக்க வேண்டியதுதான" என்றார். வர மாட்டார் என்றேன். இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். பிறகு மூன்றாவது பார்வையின் தேதியைப் பார்த்தார். மறுபடி சான்றிதழைப் பார்த்தார். எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கத்துவதற்குத் தயாராகப் போயிருந்தேன். அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அறை யாருக்கோ போய்விட்டது. நல்லபடியாக இருக்கட்டும்.

உன் வாதங்களில் தப்பு தேடுவதாக எழுதியிருந்தாய். நானும் தேடினேன். என் தொழிலே அதுதான், அடுத்தவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது. கிடைக்கவில்லை. உன்மேல் கோபப்பட வேறு காரணம்தான் பார்க்க வேண்டும், அம்மா விஷயம் இருக்கிறது. ஆனால் இப்போது அதை எடுக்கப் போனால் கை நீள மாட்டேன் என்கிறது.

இந்தக் கடிதம் வேறொன்றுக்காக. போன வாரம் ஸ்டுடியோ வாசலில் மூன்று பேர் வந்து படுத்திருக்கிறார்கள். ஒரு கிழவர், தனியாக. ஓர் அம்மாவும் அவளுடைய பெண்ணும். பெண்ணுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். இவ்வளவு நாளும் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள். ஒரு முழ சன்ஷேடுக்கு ஏன் இத்தனை பேர் என்று தையற்காரர்தான் விசாரித்து வந்து சொன்னார். இந்த இடத்தில் படுத்தவருக்கு அறை கிடைத்ததாம். குழு இந்தத் தெருவுக்குத் தவறாமல் வருகிறதாம். ஊரில் பேச்சாகிவிட்டது.

போய்ச் சொன்னேன். "இங்க இருந்தவர் செத்துப்போயிட்டார்மா. இங்கயேதான்."

அம்மாக்காரி தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆனா ரூம் வந்துச்சில்ல சார்?"

வந்தது என்றேன். உண்மை பேசும் பழக்கம்.

"நீங்கதான லெட்டர் போட்டு வாங்கிக் குடுத்தது? எங்களுக்கும் ஒண்ணு போட்டுருங்க சார். உங்க தங்கச்சி அங்க பெரிய ஆளாமே."

நேற்று மாலை வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பெண் இருமிக்கொண்டிருந்தாள். அம்மாவின் அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று கூப்பிட்டேன். "உள்ள வாங்க. மூணு பேருமே வாங்க. எவ்ளோ நாள் வேணும்னாலும் இருங்க. அறையே கேக்க வேண்டாம், இதையே வச்சுக்கங்க." என் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று நீ நம்ப மாட்டாய்.

பெண் எழுந்துவிட்டாள். தெருவைப் பாதி தாண்டிவிட்டாள். அம்மாக்காரி ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"எங்களைக் கெடுத்துடாதீங்க சார். ஒருநாள் உள்ள கூப்டுவீங்க. அப்புறம் வீட்டை வித்துட்டுப் போவீங்க, இல்ல செத்துப்போவீங்க. நாங்க எங்க போறது? அவ பேர்ல ஒரு ரூம் வந்துட்டா யாரும் போகச் சொல்ல முடியாதுல்ல."

அதிலும் தப்பு இல்லை. ஐம்பத்தாறு வயதுக்காரன், சர்க்கரை எனக்கும் இருக்கிறது.

கதவைச் சாத்தாமல் அப்படியே திறந்து வைத்திருந்தேன். மழை வலுத்தால் மனசு மாறுவாள் என்று நினைத்தேன். மழை வலுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாக்காரியே தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி வந்தாள். வாசற்படியில் கால் வைக்காமல், தள்ளி நின்றாள். விளக்கு வெளிச்சம் நேரே பெண் படுத்திருக்கிற இடத்தில் விழுகிறதாம். அவள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு தூங்க மாட்டேன் என்கிறாளாம்.

"கதவைச் சாத்திடுங்க சார்" என்றாள்.

சாத்திவிட்டேன்.

அண்ணன்